நாலாம் பெட்டு வாஷ்பேசின்

ஏ தாயி, பிள்ளைய அந்தக் கம்பியில வாய் வைக்க விடாத. எத்தன பேரு பிடிச்ச பஸ்ஸுக் கம்பி தெரியுமா அது. ஒருத்தன் மூக்கச் சிந்திட்டுப் பிடிச்சிருப்பான், ஒருத்தி வெத்தல எச்சியத் துடைச்சிட்டுப் பிடிச்சிருப்பா. இன்னும் என்னென்னத்தத் தொட்டுட்டுப் பிடிச்சிருப்பாவன்னு நான் சொன்னா, நீ காலைல தின்னது வெளிய வந்துரும். இரு, எங்கிட்டத் துணி இருக்கு. கொஞ்சம் நகரு. இந்தா, துடைச்சாச்சு. இப்பப் பிடிக்கட்டும்.

நான் சங்கரன்கோயில் வரைக்கும் வரல. வன்னிக்கோனேந்தல் தாண்டி ஒரு விலக்கு வரும், அங்க எறங்கிருவேன். என் தம்பி ஊரு. தம்பி இப்ப இல்ல. நாளைக்கு அவனுக்கு வருசத் திதி. அவன் பொண்டாட்டி கோமு மூணு தடவ ஆள் சொல்லி அனுப்பிட்டா, மைனி வரணும், மைனி வந்துதான் எள்ளுந் தண்ணியும் எறைக்க ஆரம்பிக்கணும்னு. அது மட்டும்னா போயிட்டு வந்துருவேன் தாயி. நாளைக்கு அத்தன சனத்துக்கு முன்னால நான் ஒரு வார்த்த சொல்லணுமாம். சொன்னாத்தான் அவளுக்குப் பழைய வேல திரும்பக் கிடைக்குமாம். அதுதான் என்னால ஆவுமான்னு தெரியல.

என் பேரு உலகம்மா. திருநவேலில ஒரு பெரிய ஆஸ்பத்திரில ஆயாம்மா. பதினேழு வருசம் ஐசியூ மட்டும்தான் பாத்தேன். எட்டுப் பெட்டு. அங்க எனக்குப் பேரே சுத்தக்காரி. நர்சுப் பிள்ளைய எல்லாம், "சுத்தக்காரி வாரா, செருப்பக் கழத்து"ன்னு ஓடும்.

எனக்கு அசிங்கம் ஆகாது. சின்னதுலயே ஆகாது. நீ நெனைக்க, ஆஸ்பத்திரின்னா சுத்தம்னு. சவம், அங்க வந்து பாக்கணும் தாயி. மாடிப்படி மூலையெல்லாம் செவ செவன்னு துப்பி வச்சிருப்பான். ஒருத்தி மாமியாரப் பாக்க வந்து, பெட்டுல உக்காந்து தலையச் சிக்கெடுத்து, உதுந்த முடியச் சுருட்டி மாமியார் தலகாணிக்கு அடியில வைக்கா. இன்னொருத்தன் காலுல கட்டிருந்த புண்ணுத் துணிய அவுத்து ஜன்னல்ல காயப்போட்டான். காயப்போட்டான் தாயி, வேட்டி காயப்போடுதா மாதிரி. டாக்டருமாரு மட்டும் என்ன. கக்கூசுக்குள்ளயும் அந்தப் போனு, பெட்டுகிட்டயும் அதே போனு. வயித்தத் தொட்டுப் பாப்பாவ, போனு அடிக்கும், எடுத்துக் காதுல வைப்பாவ, மறுபடி வயித்தத் தொடுவாவ. நான் பாத்துக்கிட்டே நிப்பேன். படிச்ச மூதிகள்ட்ட நான் என்னத்தச் சொல்ல.

அதனால என் எடத்த நான் ஒரு ஒழுங்குல வச்சிருந்தேன். நீயே சொல்லு, இது சரியா தப்பான்னு. நோயாளி குடிச்ச மிச்சப் பாலு, துப்புன கஞ்சி, பாட்டில்ல நின்னுபோன குளுக்கோசு, இதையெல்லாம் கொண்டு போயிக் கொட்ட அந்தக் கடைசில ஒரு ரூமு உண்டு. பெட்பேன் கழுவுத ரூமு. எட்டுப் பெட்டையும் தாண்டிப் போவணும். உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கவன் மூக்குக்கு முன்னால எச்சிக் கஞ்சிய ஏந்திக்கிட்டு நடக்கலாமா? எனக்கு மனசு ஒப்பல. ரெண்டு பெட்டுக்கு ஒண்ணா சுவத்துல வாஷ்பேசின் வச்சிருக்காவ, டாக்டரு நர்சு கை கழுவ. அதுல ஊத்து, குழாயத் திற, அடிச்சுக்கிட்டுப் போயிரும். கண்ணுல படாமப் போச்சுன்னா அப்புறம் ஏது அசிங்கம். புதுசா வார ஆயாமாருக்கு எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததே இதுதான். பதினேழு வருசமா ஒரு சொட்டு எச்சித் தண்ணிய வார்டுக்குள்ள யாரும் தூக்கிட்டு நடந்தது கெடையாது.

ஊத்துனதும் விட்டுற மாட்டேன். துணியெடுத்து அந்த பேசினத் துடைப்பேன் பாரு, மொகம் தெரியும். அதே கையோட கட்டில் கம்பி, பாட்டில் மாட்டுத கம்பி, மருந்து வைக்குத மேசை, எல்லாத்துக்கும் ஒரு இழுப்பு. ஆஸ்பத்திரில குடுக்க துணி சொரசொரன்னு இருக்கும், எனக்குப் பிடிக்காது. தம்பி வீட்டுப் பழைய வேட்டியக் கோமு துவைச்சு மடிச்சுக் குடுத்து விடுவா. அதக் கிழிச்சு வச்சுக்கிடுவேன். மெத்துன்னு இருக்கும். இந்தா, இந்தக் கம்பியத் துடைச்சேம்லா, இதுவும் அவன் வேட்டிதான்.

போன வருசம் ஆவணில தம்பிக்கு வயித்துவலி. அணைஞ்சான்னு கூப்பிடுவோம், சிவனணைஞ்ச பெருமாள். நாப்பத்தியாறு வயசு, ஒரு தலவலின்னு படுத்தவன் இல்ல. குடல் வெடிச்சுப்போச்சுன்னு ராத்திரியோட ராத்திரியா எங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்துட்டாவ. ஆப்பரேசன் நல்லா முடிஞ்சுது. நாலாம் பெட்டு. நான்தான் கேட்டு வாங்குனேன், பேசின் பக்கத்துல இருக்கட்டும், எனக்குச் சுத்தம் பண்ணத் தோதா இருக்கும்னு.

ஒரு வாரத்துல ரெண்டு வாயி குடிக்கலாம்னுட்டாவ. அவனுக்குக் கருப்பட்டிக் காப்பின்னா உசுரு. காலைல ஒரு பிளாஸ்க்கு, சாயந்தரம் ஒரு பிளாஸ்க்கு, நானே போட்டுக் கொண்டு போவேன். ரெண்டு வாயிதான் குடிப்பான், "போதும்க்கா"ம்பான். மிச்சத்த அவன் தலமாட்டுல இருக்க பேசின்ல ஊத்தி, குழாயத் திறந்து விட்டு, துடைச்சிருவேன். ஆறுன காப்பிய மூடி வச்சுப் பாத்திருக்கியா நீ? மேல ஒரு ஆடை கட்டும் பாரு, சீ, எனக்கு அதக் கண்டாலே ஆகாது.

கோமுவச் சொல்லணும். அவ இவனுக்குத் தொணையா வந்து வராந்தாவுல கெடந்தா. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குத வேல பாக்கா. அதுக்குத் தக்கன ஒரு சுத்தம் வேண்டாமா? கால் பித்தவெடிப்புல எல்லாம் கரிசல் மண்ணு. நெகத்துல மஞ்சக் கறை. ஒரு மஞ்சப்பையி, அதுக்குள்ள சங்கரன்கோயில் புத்து மண்ணு, திருநாறு, ஒரு எலுமிச்சம்பழம் காஞ்சு கருத்துப் போயி. பாக்க விடுத நேரத்துல உள்ள வருவா, நான் பாக்காத நேரமாப் பாத்து புத்து மண்ண எடுத்து அவன் நெத்தில பூசிருவா. நான் வந்து துடைப்பேன். அவ பூசுவா, நான் துடைப்பேன். ஒரு நா நல்லா ஏசிட்டேன். "மாட்டுக் கொட்டடியா இது? உன் அழுக்குக் கைய வச்சே அவனக் கொன்னுருவ போலுக்கே"ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டா.

ஆனா ஒரு நா பேசுனா. நான் காப்பிய ஊத்துறதப் பாத்துட்டு நின்னா. "மைனி, கை கழுவுத எடத்துல எதுக்கு ஊத்துதீய? நம்ம வீட்டு அங்கணக்குழில இனிப்பத் தண்ணி ஊத்துனாலே நாலு நாள்ல வழுவழுன்னு கட்டிக்கிட்டு நாறுமே. இது சுவத்துக்குள்ளல்லா போவுது, எதக் கொண்டு தேய்ப்பீய?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அங்கணக்குழியாம். லச்ச லச்சமாப் போட்டுக் கட்டுன ஐசியூவ பாத்திரம் கழுவுத குழியோட சேத்து வச்சுப் பேசுதா பட்டிக்காட்டு மூதி. "நீ எனக்குச் சுத்தம் சொல்லித் தாரியா?"ன்னேன். அதோட சரி.

மானூரு தாண்டியாச்சா? சரி.

பன்னெண்டாம் நாள் அவனுக்குக் காச்சல். புண்ணு பிரிஞ்சு சலம் கட்டிருச்சு. மூணாம் பெட்டுல ஒரு வாத்தியாரு, அவருக்கும் அதே காச்சல். ஒண்ணாம் பெட்டுல ஒரு பொம்பளப் பிள்ள, அதுக்கும். எந்த ஊசி போட்டும் கேக்கல. ஏதோ ஒரு கிருமி, நீளமா ஒரு பேரு. மூணு பேருக்கும் ஒரே கிருமின்னாவ. வாத்தியார மதுரைக்குக் கொண்டு போயிட்டாவ, பொழச்சிட்டாரு. அந்தப் பிள்ளயும் தப்பிச்சுது. என் தம்பி பத்தொம்போதாம் நாள் போயிட்டான். நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டே போனான். அந்தக் கம்பிய அன்னைக்குக் காலைலதான் நான் துடைச்சிருந்தேன்.

எனக்கு அப்பவே தெரியும், யாரு கொண்டாந்த கிருமின்னு. வேற யாரு அவனத் தொட்டா?

பதினாறாம் நாள் விசேசத்துக்குப் போனேன். எங்க பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வந்தா கை குடுக்கணும். வந்தவ நீட்டணும், வீட்டுக்காரி தொட்டுக்கிடணும். அன்னைக்கு அவளே வாசல் வரைக்கும் வந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, "மைனீ"ன்னு அழுதா. நான் கையப் பின்னால கட்டிக்கிட்டேன். "அந்தக் கைதாம்ளா என் தம்பியக் கொன்னுச்சு, அந்த அழுக்குக் கையத் தொடணுமா நான்?"ன்னு கேட்டேன். ஊரே நின்னுச்சு. நீட்டுன கை நீட்டுனபடியே நின்னா. எனக்கு ஆத்திரம் தாயி, பெத்த பிள்ள மாதிரி வளத்தவன்.

நான் சொன்னது அவ்வளவுதான். ஆனா ஊரு சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரில இருக்கவளே சொல்லிட்டா, அப்ப உண்மையாத்தான் இருக்கும்னு பிடிச்சுக்கிட்டாவ. அவ ஆக்குன சோத்த எங்க பிள்ளைய திங்காதுன்னு தாய்மாரு எல்லாம் பள்ளிக்கூடத்துல போயி நின்னுருக்காவ. சமையல்ல இருந்து எடுத்துட்டாவ. அழுக்குக் கைக்காரின்னு பேரு. வெறகு வெட்டப் போறாளாம் இப்ப. கலியாணம் காச்சின்னா ஒரு வெங்காயம் உரிக்கக்கூட அவளக் கூப்பிடுதது இல்லயாம். நான் சொன்ன ஒரு சொல்லுல.

இப்ப கிருமி டாக்டர் கதையக் கேளு, நான் துட்டி முடிஞ்சு வேலைக்குத் திரும்புனதும் வந்தாவ. பெனாசிர்னு பேரு, மேலப்பாளையத்துக்காரி, சின்னப் பிள்ள. கிருமி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கதுதான் அந்தம்மா வேல. ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பெட்டையெல்லாம் காலி பண்ணி மூடிட்டு, காது குடையுத பஞ்சுக்குச்சி மாதிரி ஒரு கட்டுக் குச்சிய வச்சுக்கிட்டு எல்லாத்தயும் தடவுதாவ. கட்டிலு, கதவுப்பிடி, போனு, நர்சு கை, என் துணி. எனக்குக் கோவம். "டாக்டரம்மா, குச்சி வீணாக்காதீங்க, தம்பி பொண்டாட்டி கையில தடவுங்க, கிடைக்கும்"னேன். ஏதோ பேப்பரு வாங்க அவ வந்திருந்தா அன்னைக்கு. தடவுனாவ தாயி. கால்ல ஒட்டிருந்த மண்ணுலயும் தடவுனாவ, அந்த மஞ்சப்பையிக்குள்ளயும் தடவுனாவ. கோமு கைய நீட்டிக்கிட்டு நின்னா, பள்ளிக்கூடத்துப் பிள்ள அடிக்கு நீட்டுதா மாதிரி.

நாலு நா கழிச்சு முடிவு வந்துது. அவ கையில அது இல்ல. மண்ணுல இல்ல. திருநாத்துல இல்ல. கட்டில் கம்பில இருந்துது. மருந்து மேசைல இருந்துது. என் துணில இருந்துது. பேசின் ஓட்டைக்குள்ள இருந்தத எண்ண முடியலன்னாவ.

நான் நம்பல. என் பேசின்லயா? மொகம் தெரியுமே அதுலன்னேன். அந்தம்மா கோவப்படல. பச்சையா ஒரு சாயத்த பேசின் ஓட்டைக்குள்ள ஊத்தி வச்சாவ. மறுநா காலைல, "உலகம்மா, எப்பவும் போலக் கை கழுவிட்டு, எப்பவும் போலத் துடைங்க"ன்னாவ. செஞ்சேன். பளிச்சுன்னுதான் இருந்துது. பிறவு திரையெல்லாம் இழுத்து இருட்டாக்கி, ஒரு நீல லைட்ட அடிச்சாவ.

தாயி, என்னத்தச் சொல்ல. சுவருல பொட்டுப் பொட்டா மின்னுது. ரெண்டு கைய விரிச்ச அளவு தள்ளி நாலாம் பெட்டுத் தலகாணில மின்னுது. பேசின் மேட்டுல நான் அடுக்கி வச்சிருந்த துணி முழுக்க மின்னுது. கட்டில் கம்பில நான் இழுத்த இழுப்பு அப்படியே கோடு கோடாத் தெரியுது. குனிஞ்சு பாக்கேன், என் ரெண்டு கையும் மின்னுது. சேலைல தேச்சேன், போவல. குழாத்தண்ணி நேரா ஓட்ட மேல விழுந்து, உள்ள இருக்கத மேல தெறிக்க வைக்குன்னாவ. சாயம் வந்த வழியிலதான் கிருமியும் வந்திருக்குன்னாவ.

என்ன தாயி, பிள்ள கையக் கம்பில இருந்து எடுத்துட்ட? துடைச்ச கம்பிதான அது. சரி சரி, உன் இஷ்டம்.

அதோட விட்டாவளா. பிளம்பரக் கூப்பிட்டு பேசினுக்கு அடியில வளைஞ்சு போவும்லா குழாயி, தண்ணி தேங்கி நிக்குமே, அந்த வளைவக் கழத்தச் சொன்னாவ. நானும் நின்னேன். நிக்கத்தான செய்யணும், என் எடமில்லா. கழத்துனான். வாளிக்குள்ள விழுந்துது பாரு. தண்ணி இல்ல தாயி, தண்ணியா இருந்தாக் கொள்ளாம். சளி மாதிரி, செத்த நுங்கு மாதிரி, கருப்பா, கையில எடுத்தா நூலு நூலா இழுக்குது. சுத்திக் குழாயெல்லாம் தோல் மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஊத்துன பாலும் கஞ்சியும் குளுக்கோசும் தின்னுட்டு அங்க குடித்தனம் நடத்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு வெரல் அகலம் குழாயில மேல ஏறுமாம், தீனி போட்டாப் போதுமாம். மருந்து ஊத்துனா மேல்தோலு சாவும், அடியில இருக்கது சாவாதாம். பிளம்பர் மூஞ்சியப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டான். நர்சுப் பிள்ள ஒண்ணு வாந்தி எடுத்துட்டு.

எல்லாருக்கும் நாத்தம் அடிச்சுது. எனக்கு மட்டும் அதுல கருப்பட்டி வாசம் வந்துது தாயி. பொய் சொல்லல. அவனுக்குப் போட்ட காப்பி. அந்த நாத்தத்துக்கு அடியில கருப்பட்டி.

அன்னைக்குப் பிடிச்ச ஓக்காளம். வருசம் ஒண்ணாச்சு, நான் காப்பி குடிச்சு.

அந்தம்மா ரிப்போர்ட்டுல என் பேர எழுதல. "வேல செய்யுத முறை தப்பு"ன்னு மட்டும் எழுதுனாவ. பேசினப் பேத்து எடுத்து சுவத்தப் பூசிட்டாவ. என்னைய இப்பத் துணி வெளுக்குத பக்கம் போட்டிருக்கு. நான் என்ன கண்டேன் தாயி? குழாயிக்குள்ள கண்ண விட்டா பாக்க முடியும்? வாஷ்பேசின் வாங்கி மாட்டுன எஞ்சினியர யாரு கேட்டா? தண்ணிய ஓட்ட மேலயே விழுற மாதிரி வச்சவன் எவன்? நான் சுத்தம்தான பண்ணுனேன். இங்க பாரு, அசிங்கம் பண்ணுனவன் ஆயிரம் பேரு, துப்புனவன், சிந்துனவன், போனத் தடவுனவன், அவன் எவனையும் அந்த நீல லைட்டுக் காட்டல.

கோமுவக் கூப்பிட்டு, டாக்டரம்மா எல்லாத்தயும் சொன்னாவ. என்னைய வச்சுக்கிட்டே சொன்னாவ. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். இப்பச் சொல்லுவா, நான் அன்னைக்கே சொன்னேம்லா மைனின்னு. அங்கணக்குழியச் சொல்லுவா. ஊருல நான் குடுத்ததத் திருப்பிக் குடுப்பா. காத்துக்கிட்டு நிக்கேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "மைனி பாவம் டாக்டரம்மா, பத்தொம்போது நாளும் மைனிதான் ஒறங்காமப் பாத்தாவ"ன்னுட்டுப் போயிட்டா. ஊருலயும் சொல்லல. வேல போயும் சொல்லல. பேரு கெட்டும் சொல்லல. குத்தமுள்ள நெஞ்சு, அதான் வாயத் திறக்கலன்னு நான் நெனச்சேன். அப்படித்தான் கொஞ்ச நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

தலையாரி முத்தையா மாமா நேரா வந்தாவ போன வாரம். "உலகம்மா, சத்துணவுக்கு மறுபடி ஆள் எடுக்கப் போறாவ. உன் வாயால ஒரு வார்த்த, கோமு கையில ஒண்ணும் இல்லன்னு நாலு பேரு முன்னால சொல்லு, போதும்"னாவ. கோமு கையில ஒண்ணும் இல்ல. சொல்லிறலாம். அதுல என்ன. ஆனா ஊரு அதோட விடுமா? அப்ப யாரு கையிலன்னு கேக்கும்லா. பதினேழு வருசத்துச் சுத்தக்காரி தாயி நான்.

வன்னிக்கோனேந்தலா போச்சு? அடுத்தது எனக்கு. பைய எடுத்துக்கிடுதேன். விசில் அடிச்சிராதேயும் கண்டக்டரு, எறங்க ஆளு இருக்கு.

அந்தா, வேம்படியில நிக்கா பாரு, வாடாமல்லிச் சேல. அவதான். நடு வெயில்ல வந்து நிக்கா. எளச்சுப் போயிட்டா. பாரு, பஸ்ஸு நிக்க முன்னயே ரெண்டு கையையும் நீட்டிட்டா. துட்டிக்கு நீட்டுத மாதிரியே நீட்டுதா. போன வருசம் நான் தொடாத கை.

தாயி, உன் பாட்டில்ல தண்ணி இருக்கா? பிள்ளைக்கு வச்சது வேண்டாம், அந்தப் பெருசு. கொஞ்சம் சாஞ்சுக்கோ, உன் ஜன்னல் வழியாக் கைய நீட்டுதேன். ஊத்து. இல்ல, துணி வேண்டாம், அது கெடக்கட்டும். ஊத்து தாயி. கண்டக்டரு கத்துனாக் கத்திட்டுப் போறாரு. நெகத்துக்கு அடியில. இன்னும் கொஞ்சம். நிறுத்தாத தாயி, இன்னும் ஊத்து.